கெரிட் கோல் இல்லாத யாங்கீஸ்... 2025 சீசனைத் தாக்குப்பிடிக்குமா?

நியூயார்க் யாங்கீஸ் அணி 2025 சீசனின் முதல் ஆட்டத்தில், மார்ச் 27 அன்று சொந்த மைதானத்தில் மில்வாக்கி ப்ரூவர்ஸைச் சந்தித்தது. அன்று முதல் பந்தை எறிய வேண்டியவர் கெரிட் கோல். ஆனால், மார்ச் 11-ம் தேதி அவருடைய வலது முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டு முழுக்க அவர் ஆட முடியவில்லை.

9 ஆண்டுகளுக்கு 32.4 கோடி டாலர் என்று பேசி 2019 டிசம்பரில் யாங்கீஸ் அழைத்து வந்த பிட்ச்சர் இவர். 2023-ல் 15 வெற்றி, 4 தோல்வி. அந்த ஆண்டின் சிறந்த பிட்ச்சருக்கான 'சை யங்' விருதை ஒருமனதாக வென்றார்.

ஒருவர் போனால் அவ்வளவு நஷ்டமா?

கிரிக்கெட்டில் முன்னணி பௌலர் ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும் பந்து வீசுவார். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் ஒரே நாளில் 90, 100 பந்துகள் எறிந்துவிட்டு, அடுத்த நான்கைந்து நாள்கள் ஓய்வெடுப்பார். ஐந்து பேர் முறை வைத்து ஆடுவார்கள். 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் கோல் எறிவது அதிகபட்சம் 30 சொச்சம்தான்.

ஆனால், கணக்கு அதோடு முடிவதில்லை. முதல் ஆள் போனால் இரண்டாவது ஆள் முதலிடத்துக்கு வர வேண்டும். ஐந்தாவது இடம் அனுபவமில்லாத இளைஞருக்குப் போகும். அவர் பாதியிலேயே தடுமாறினால், பின்னால் வரும் மாற்று பிட்ச்சர்கள் கூடுதலாக உழைக்க வேண்டும். சீசன் பாதியைத் தாண்டும்போது அவர்கள் கைகளும் சோர்ந்துவிடும்.

2024-லும் இதே கதைதான். முழங்கை வீக்கத்தால் கோல் ஜூன் 19 வரை ஆடவில்லை. அந்த இடத்தை நிரப்பிய லூயிஸ் ஹீல், சிறந்த புதுமுக வீரர் விருதையே வாங்கினார். யாங்கீஸ் 94 வெற்றிகளுடன், 15 ஆண்டுகளுக்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸுக்குள் நுழைந்தது. 2025 சீசனின் தொடக்கத்தில் அந்த ஹீலும் தசைப்பிடிப்பால் வெளியே இருந்தார். அதிரடி வீரர் ஹுவான் சோட்டோவோ 76.5 கோடி டாலருக்கு மெட்ஸ் அணிக்குப் போய்விட்டார்.

அப்போது கையில் இருந்தவர்கள் யார்? கோலுக்குத் துணையாக 21.8 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட மேக்ஸ் ஃப்ரீட், 2025-ல் அணியின் பிரதான பிட்ச்சர். கார்லோஸ் ரோடான், மார்கஸ் ஸ்ட்ரோமன், இளம் வீரர் வில் வாரன் ஆகியோரும் இருந்தார்கள். பேட்டிங்கில் 2024-ல் 58 ஹோம் ரன் அடித்த ஆரோன் ஜட்ஜ் இருந்தார். கோடி பெலிஞ்சரும் பால் கோல்ட்ஷ்மிட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள்.

ஒவ்வொரு லீகிலும் ஆறு அணிகளுக்கு ப்ளே-ஆஃப் வாய்ப்பு உண்டு. ஃப்ரீடும் ரோடானும் காயமின்றி ஆடினால், அந்த ஆறில் ஒன்றாக யாங்கீஸ் நுழைந்துவிடும் என்றே தோன்றியது. உண்மையான சோதனை அக்டோபரில்தான். குறுகிய தொடர்களில் ஒரு நல்ல பிட்ச்சர் இரண்டு ஆட்டங்களில் எறிய முடியும். கோலின் வெற்றிடம் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

கோலுக்கும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. 2024 அக்டோபர் 30, வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டம். யாங்கீஸ் 5-0 என முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு பந்து முதல் பேஸ் பக்கம் உருண்டது. கோல் பேஸை நோக்கி ஓடாமல் நின்றுவிட்டார். அந்த இன்னிங்ஸிலேயே 5-5 என சமன் செய்த டாட்ஜர்ஸ், 7-6 என வென்று கோப்பையைத் தூக்கியது. அறுவை சிகிச்சைக்கு முன் கோல் கடைசியாக ஆடிய அதிகாரப்பூர்வ போட்டி அதுதான்.

அறுவை சிகிச்சையின்போது அவருக்கு 34 வயது. நடந்திருப்பது 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை. 1974-ல் முதன்முதலில் அதைச் செய்துகொண்ட டாமி ஜான், அதன்பின் 164 ஆட்டங்களை வென்று, 46 வயதுவரை ஆடினார். அவர் கடைசியாக ஆடியதும் யாங்கீஸுக்குத்தான். ஃப்ரீடும் ரோடானும்கூட இதே சிகிச்சைக்குப் பிறகு மீண்டு வந்தவர்களே. கோல் திரும்பி வரும் வரை அணியைக் கரைசேர்க்கும் பொறுப்பு அப்போது அந்த இரண்டு கைகளில் இருந்தது!