சிங்கராஜா வனத்துக்குத் தனியே போகிறவர்கள் அறியவேண்டியவை

வடக்கு ரயில் பாதை காங்கேசன்துறையில் முடிகிறது. 1990இல் நின்றுபோன ரயில் 2015 ஜனவரியில்தான் இங்கே திரும்பி வந்தது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. இடையில் நின்ற அந்தச் சேவை 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு தனியாகத் தெற்கே புறப்படும் பிள்ளைகளை இப்போது இந்த ரயில் நிலையத்தில் அடிக்கடி காணலாம். ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், கப்பலில் வந்து இறங்கிய தமிழ்நாட்டு இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பார்க்க ஆசைப்படும் இடம் சிங்கராஜா மழைக்காடு.

ஆசைப்படத் தகுந்த இடம்தான். இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் பரந்திருக்கும் இந்தக் காட்டை யுனெஸ்கோ 1978இல் உயிர்க்கோள ஒதுக்கிடமாக ஏற்றது; 1988இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இந்தக் காட்டிலுள்ள மர இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. 1970களில் ஒட்டுப்பலகைக்காக அங்கே மரம் வெட்டினார்கள். மக்களின் எதிர்ப்பால்தான் அது நின்றது.

வறண்ட வலயத்தில் பிறந்து பனையும் பூவரசும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் காட்டின் குணம் பழக்கமில்லை. அங்குள்ள அலுவலர்களோடு பேசும் மொழியும் பலருக்குத் தடுமாற்றம். இவ்விரண்டையும் கணக்கில் எடுக்காமல் போகிறவர்தான் சிக்கலில் மாட்டுகிறார். தனியே போவதில் தவறில்லை. எங்கே போனார், எப்போது திரும்புவார் என்று எவருக்கும் தெரியாமல் போவதுதான் தவறு.

தூரமும் மழையும்

காங்கேசன்துறையிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் பயணம் அல்ல இது. கொழும்புக்கு ரயிலிலேயே ஒரு பகலோ ஓர் இரவோ போய்விடும். அதன்பின் கலவானை, வெத்தாகல வழியாகக் குடாவை வாசலுக்கோ, தெனியாய வழியாகப் பிட்டதெனிய வாசலுக்கோ பஸ்ஸில் போகவேண்டும். ஆகவே காட்டுக்குள் ஒரு பகல் நடப்பதற்கு, காட்டோரத்தில் முதல்நாள் இரவு தங்குவதே சரி. இரவெல்லாம் ரயிலில் விழித்திருந்து, சாப்பிடாமல், நண்பகலுக்குப் பிறகு காட்டுக்குள் இறங்குவது முதல் ஆபத்து. அங்கே பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை கொட்டும்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடும். சிங்கராஜாவில் 3,000 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை பெய்யும். மே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசி நிலம் வறண்டு கிடக்கும்போது, அதே தென்மேல் பருவக்காற்று இரத்தினபுரியில் ஆறுகளைக் கரைபுரள வைக்கும். 2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, காலி உள்ளிட்ட மாவட்டங்களில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் முற்றத்து வானத்தைப் பார்த்து அந்தக் காட்டுக்கு நாள் குறிக்கக்கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரையும், ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலும் அங்கே மழை ஒப்பீட்டளவில் குறைவு.

புறப்படும் நாளில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் வெளியிடும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்கவேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகவேண்டும், சிவப்பு என்றால் உடனே வெளியேறவேண்டும். நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவுக்கு மஞ்சள் வந்திருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஓடையில் தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ இலையும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, மேலே எங்கோ பெருமழை பெய்கிறது என்று பொருள். அந்தக் கணமே கரையேறுங்கள்.

காட்டு வாசலில்

காட்டை நிர்வகிப்பது வனவளப் பாதுகாப்புத் திணைக்களம். அனுமதிச்சீட்டை அதன் கருமபீடத்தில் மட்டும் வாங்குங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இலங்கையருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடிய கட்டணம். தேசிய அடையாள அட்டையை மறந்தால் நீங்கள் இலங்கையர் என்று நிறுவுவது கடினம். கப்பலில் வந்த தமிழ்நாட்டவர் தமிழ் பேசினாலும் வெளிநாட்டுக் கட்டணமே செலுத்தவேண்டும். அது ஏமாற்று அல்ல, விதி.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தனியே போகிறவருக்கு இது பெரும் பாதுகாப்பு. திணைக்களத்தில் பதிவுள்ள வழிகாட்டியை வாசலிலேயே பெறுங்கள். பஸ் தரிப்பிடத்தில் வந்து, பின்பக்கத்தால் குறைந்த விலைக்குக் கூட்டிப்போகிறேன் என்பவரோடு போகாதீர்கள். அனுமதியின்றி நுழைவது குற்றம். உள்ளே கால் முறிந்து கிடந்தால், நீங்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

காட்டிலிருந்து ஓர் இலை, ஒரு வண்டு, ஒரு விதைகூட எடுக்கக்கூடாது. 2024இல் யாலா தேசியப் பூங்காவில் பூச்சிகளைப் போத்தல்களில் அடைத்த இரு இத்தாலியருக்கு 6 கோடி ரூபா தண்டப்பணம் விதிக்கப்பட்டது. ட்ரோன் பறக்கவிடுவதற்கும் முன் அனுமதி வேண்டும்.

அட்டை, பாம்பு, எலிக்காய்ச்சல்

அட்டைக்கடி அருவருப்பைத் தரும், ஆனால் ஆபத்து மிகக் குறைவு. பிய்த்து இழுக்கவோ நெருப்பால் சுடவோ வேண்டாம். அதன் வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைப் பக்கவாட்டில் செலுத்தினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் உமிழ்நீரில் இருப்பதால் கடிவாயில் சிறிது நேரம் இரத்தம் கசியும். சவர்க்காரத்தால் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை அணிந்தால் பெரும்பாலும் தப்பலாம்.

பாம்பில்தான் கூடிய கவனம் வேண்டும். நமக்குத் தெரிந்தவை நாகமும் புடையனும் சுருட்டையும். ஈர வலயத்தில் உதிர்ந்த இலைக்குள் கிடப்பது மேல்நோக்கிய மூக்கு நுனியுள்ள ஒரு சிறிய விரியன். இலங்கையில் மிக அதிகமானோரைக் கடிக்கும் நச்சுப்பாம்பு அதுதான். இந்தியாவிலிருந்து இங்கே வரும் விஷமுறி மருந்து நாகம், புடையன் உட்பட நான்கு பாம்புகளின் நஞ்சுக்கானது. இந்த விரியனின் நஞ்சை அது முறிக்காது. இதன் கடி பலருக்கு வீக்கத்தோடு போய்விடும். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும், இரத்தம் உறையாமல் போகும். ஆகவே வலி குறைந்துவிட்டது என்று அறைக்குத் திரும்பவே கூடாது. வைத்தியசாலையில் கண்காணிப்பில் இருக்கவேண்டும். கட்டுப்போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் தீங்கு. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, 1990ஐ அழையுங்கள். அது சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை. 2018 முதல் வடக்கிலும் இயங்குகிறது. அரச வைத்தியசாலையில் பாம்புக்கடிக்கான சிகிச்சைக்குப் பணம் கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது ஆபத்து வீடு திரும்பிய பிறகுதான் தெரியவரும். இரத்தினபுரி மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் அதிகம். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காற்புண் வழியே உடலுக்குள் நோய்க்கிருமியைச் சேர்க்கும். காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு வாரம் கழித்தே வரும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலும் இந்த நோய் உயிர்களைப் பறித்தது. தொடக்கத்தில் மர்மக் காய்ச்சல் என்றே பேசப்பட்டது. ஆகவே திரும்பி வந்தபின் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் ஏதும் கண்டால் உடனே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வைத்தியரிடமோ போங்கள். மழைக்காட்டில் நடந்ததையும் நீரில் இறங்கியதையும் கேட்காமலே சொல்லுங்கள். இல்லையேல் டெங்கு என்ற கோணத்திலேயே சிகிச்சை தொடங்கி, பொன்னான நேரம் போய்விடக்கூடும். காலில் புண்ணோடு போகிறவர்கள், முன்கூட்டியே தடுப்பு மாத்திரை தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கவேண்டும். தாமாக வாங்கி விழுங்கக்கூடாது.

மனிதரால் வரும் தொல்லை

பெண்கள் தனியே போகும்போது காட்டைவிடப் பஸ்தான் கூடுதல் கவலை தருகிறது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொல்லைக்கு ஆளானதாக 90 சதவீதப் பெண்கள் கூறினார்கள். பொலிஸில் முறையிட்டவர்கள் 4 சதவீதம் மட்டுமே. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொல்லை, ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை தரக்கூடிய குற்றம். சொல்லால் செய்தாலும் குற்றமே. சத்தம் போட்டு நடத்துநரைக் கூப்பிடுங்கள். பஸ் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 119 அல்லது பெண்களுக்கான 1938ஐ அழையுங்கள். பெற்றோருக்கும் ஒரு சொல்: மகள் அழைத்துச் சொன்னால் “இதுக்குத்தான் தனியப் போகாதே எண்டு சொன்னனான்” என்று தொடங்காதீர்கள். அந்த ஒரு வசனத்துக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் வீட்டுக்கே சொல்லாமல் விடுகிறார்கள்.

விடுதியிலோ கடையிலோ கூடுதலாகப் பணம் பறித்தால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977. வெளிமாகாண பஸ் பற்றிய முறைப்பாடுகளுக்கு 1955, சுற்றுலாத் துறை சார்ந்தவற்றுக்கு 1912.

மொழியும் உங்கள் உரிமையே

1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்திலும், ஓர் அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் அவரிடமிருந்து தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. இரத்தினபுரியில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனாலும் தமிழில் முறையிடலாம். நடைமுறையில் எல்லா இடத்திலும் தமிழ் தெரிந்த அலுவலர் இருப்பதில்லை. அதற்காக உரிமை இல்லாமல் போகாது.

உங்களுக்குப் புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திடாதீர்கள். மொழிபெயர்த்து வாசித்துக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள், மறுத்தால் அலுவலரின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரக்குவானை, தெனியாயப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மலையகத் தமிழர் வாழ்கிறார்கள். மொழிபெயர்க்க ஒருவரைத் தேடுவது முடியாத காரியம் அல்ல. பின்னர் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடுங்கள்.

நாட்டுக்குள் எங்கும் போய்வரும் சுதந்திரம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரைப்படி ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. சட்டத்தின் முன் சமத்துவம் வெளிநாட்டவர் உட்பட எல்லோருக்கும் உண்டு. கைது செய்தால் காரணத்தைச் சொல்லவேண்டும் என்கிறது 13ஆம் உறுப்புரை. வடக்கிலிருந்து வந்தவர் என்பதற்காகவே ஓர் அரச அலுவலர் உங்களைத் தடுத்தாலோ இழிவுபடுத்தினாலோ, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996ஐ அழையுங்கள்; யாழ்ப்பாணத்திலும் அதன் அலுவலகம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும் என்பதால் நாளைக் கடத்தாதீர்கள். சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடலாம். இந்தியக் கடவுச்சீட்டைத் தொலைத்தவர்கள் முதலில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியைப் பெற்று, யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்துக்குப் போகவேண்டும்.

புறப்படும் முன்

ஒரு தாளில் ஐந்து விடயங்களை எழுதி வீட்டில் வையுங்கள்: எந்த வாசலால் நுழைகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், அந்த விடுதியின் தொலைபேசி இலக்கம், எத்தனை மணிக்குக் காட்டை விட்டு வெளியே வருவீர்கள், எந்த நேரத்துக்குள் உங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் 119க்குச் சொல்லவேண்டும். காட்டுக்குள் பல இடங்களில் கைத்தொலைபேசி அலை கிடைக்காது, எனவே அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும். விடுதிக்காரரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். வழிகாட்டியின் பெயரை உள்ளே போகுமுன் வீட்டுக்குச் செய்தியாக அனுப்புங்கள். 1990, 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகிய மூன்று இலக்கங்களையும் மனப்பாடமாக வைத்திருங்கள்.

பெற்றோரே, போகாதே என்று தடுப்பதால் பிள்ளைகள் நின்றுவிடுவதில்லை; சொல்லாமல் போகிறார்கள். சொல்லிவிட்டுப் போகக்கூடிய வீடாக உங்கள் வீட்டை வைத்திருங்கள். இளையவர்களே, இந்த நாட்டின் மழைக்காடு உங்களுக்கும் சொந்தம். சட்டம் அறிந்து, காலம் அறிந்து, வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய் வாருங்கள்.