கைக்கு எத்தனை மதிப்பெண்?

திருவெறும்பூர்ப் பட்டறைகளில் கை பழகி, வளைகுடா நாடுகளுக்குக் குழாய் ஒட்டப் போன வெல்டர்களை நாம் அறிவோம். எத்தனை ஆண்டு உழைத்தாலும், ஒப்பந்தம் முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். கனடாவில் வேறொரு வாசல் உண்டு. தொழில் தெரிந்தவர் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை கேட்டு மனுப் போடலாம். கிடைத்துவிட்டால் மனைவி மக்களோடு வாழலாம். எந்த மாகாணத்திலும், எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம். ஒருவன் வேலையை விட்டு நீக்கினால் நாட்டை விட்டே போக வேண்டியதில்லை. உழைப்பை மட்டும் வாங்கிக்கொள்வது ஒன்று, உழைப்பவனையே ஏற்றுக்கொள்வது மற்றொன்று. சின்ன வேற்றுமையா இது?

அந்த வாசல் ஆதியிலிருந்தே திறந்து கிடந்ததல்ல. 1914-இல் ‘கோமகட்டா மாரு’ கப்பலில் போன 376 இந்தியரை வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் தடுத்து வைத்து, மிகப் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிய நாடு அது! 1951 உடன்பாட்டின்படி, இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 150 பேர் வரலாம் என்று அளந்து வைத்த நாடு. 1962-இல்தான் நிறம் பார்த்துச் சலிக்கும் விதிகள் நீங்கத் தொடங்கின. 1967 அக்டோபரில் மதிப்பெண் முறை வந்தது. தோலைப் பார்த்தவர்கள் தொழிலைப் பார்க்கத் தொடங்கினார்கள். நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் தொழிலை எப்படிப் பார்க்கிறார்கள்? அங்கேதான் தோழர்கள் சற்று நிதானிக்க வேண்டும்.

மனுதாரர்களை வரிசைப்படுத்தும் அளவுகோலில் மொத்தம் 1,200 மதிப்பெண். தனியாளாக விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை, வயதுக்கு மட்டும் 110. 35 வயதில் 77. 40 வயதில் 50. 45 ஆனால் பூஜ்யம். சரி, அனுபவத்துக்கு? கனடாவில் வேலை பார்த்திராதவர் தன் நாட்டில் செய்த வேலைக்குத் தனி மதிப்பெண் கிடையாது! ஆங்கிலம் அல்லது பிரெஞ்சுத் தேர்வில் பேச, கேட்க, படிக்க, எழுத நான்கிலும் 7-ஆம் படியை எட்டினால் மூன்றாண்டு அனுபவத்துக்கு 25; 9-ஆம் படியை எட்டினால் 50. எட்டாவிட்டால் ஒன்றுமில்லை. மூன்றாண்டு நெருப்போடு நின்றவருக்கும் இருபத்தைந்தாண்டு நின்றவருக்கும் ஒரே மதிப்பெண்தான்! உலோகத்தை ஒட்டுகிற கையை, கட்டுரை எழுதச் சொல்லி நிறுக்கிறார்கள். என்னே நீதி!

கைத்தொழிலாளருக்கென்றே 2013-இல் ஒரு பிரிவு தொடங்கினார்கள். பள்ளிப் படிப்புத் தகுதி கேட்காத பிரிவு அது. பேச, கேட்க 5-ஆம் படி, படிக்க, எழுத 4-ஆம் படி போதும் என்றார்கள். கூடவே, அங்குள்ள முதலாளி ஓராண்டு முழுநேர வேலைக்குத் தரும் உறுதியோ, மாகாணம் தரும் தொழில் தகுதிச் சான்றோ வேண்டும் என்றார்கள். தகுதி பெற்ற பிறகும் அதே 1,200 மதிப்பெண் வரிசைதான். 2023 முதல் கைத்தொழில்களுக்கெனத் தனிச் சுற்றும் நடந்தது. அது ஓரளவு ஆறுதல். வேலை உறுதிக்குத் தந்துவந்த மதிப்பெண்ணை மட்டும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். உறுதிக் கடிதம் விலைக்கு விற்கும் மோசடி அவ்வளவு பெருகியிருந்தது. ‘வேலைக் கடிதம் வாங்கித் தருகிறேன், மதிப்பெண் ஏறும்’ என்று எவனாவது வந்தால் அவன் கையில் காசு கொடுக்காதீர்கள். மனுவைத் தானே போடலாம்; தரகர் கட்டாயமில்லை.

மொழியையாவது படித்துக்கொள்ளலாம். காகிதத்துக்கு எங்கே போவது? வேலை பார்த்ததற்கு நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். பதவி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, என்னென்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம் எவ்வளவு என்பவை அதில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். நம் பட்டறையில் என்ன நடக்கிறது? காண்டிராக்டர் கூப்பிடுகிறார், போகிறோம். சனிக்கிழமை எண்ணிக் கொடுக்கிறார், வாங்குகிறோம். நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. இருபத்தைந்தாண்டு உழைத்தவன், காகிதக் கணக்கில் ஒருநாளும் உழைக்காதவன்!

“போகிறவன் போகட்டும், சங்கத்துக்கென்ன?” என்று கேட்கும் தோழர்களும் உண்டு. அந்தக் காகிதம் போகிறவனுக்கு மட்டுமா? விரல் நசுங்கினால் நட்டஈடு கேட்கவும், பி.எப். பிடித்தாயா கட்டினாயா என்று கேட்கவும், பணிக்கொடை கேட்கவும் அதுதானே சான்று! 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றி நமக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனாலும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்ற விதி அதில் இருக்கிறது. அதை விடலாமா?

வேலையை விட்ட பிறகு கடிதம் கேட்டால், “நீ யார்?” என்பார்கள். வேலையில் இருக்கும்போதே கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம். பட்டறையில் உள்ள அத்தனை பேரும் ஒரே நாளில், சங்கச் செயலாளரை முன்னிட்டுக்கொண்டு போய்க் கேளுங்கள்.