ம.பொ.சி.யின் ‘எனது போராட்டம்’: தன்வரலாறும் எல்லைப் போராட்ட வரலாறும்

முன்னுரை

அரசியல் தலைவர்களின் தன்வரலாறுகள் தனிமனித வாழ்வையும் இயக்க வரலாற்றையும் ஒருங்கே பதிவு செய்கின்றன. ம.பொ. சிவஞானம் (1906–1995) எழுதி 1974இல் வெளிவந்த ‘எனது போராட்டம்’ அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. எல்லைப் போராட்டத்தை ஆராய்வோர் இந்நூலை எவ்வாறு சான்றாகக் கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வாழ்வும் சான்றும்

சென்னையில் வறிய குடும்பத்தில் பிறந்த ம.பொ.சி. தொடக்கக் கல்வியையே முடிக்க இயலாதவர், அச்சுக்கோப்பவராக உழைத்தவர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். வறுமை, அச்சகம், சிறை பற்றிய பகுதிகளுக்கு அவரே முதன்மைச் சான்று. அடித்தட்டு உழைப்பாளி ஒருவர் தலைவராக உருவான வழியை அரசு ஆவணங்கள் இவ்வளவு நெருக்கமாகக் காட்டுவதில்லை.

வடக்கெல்லை

1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சென்னை நகரம் தமிழர்க்கே என்னும் கோரிக்கையில் ம.பொ.சி. முன்னின்றார். திருத்தணிக்கான போராட்டமும் தொடர்ந்தது. எனினும் எல்லையை வரையறுத்த படாஸ்கரின் பரிந்துரை கிராமத்தை அலகாகவும், மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் அளவுகோல்களாகவும் கொண்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. எனவே, போராட்டம் சிக்கலை அரசின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. முடிவின் வடிவத்தை அவ்வளவுகோல்கள் தீர்மானித்தன எனலாம். முன்னதற்குத் தன்வரலாறும் பின்னதற்கு ஆவணமும் சான்றாகும்.

தெற்கெல்லை

1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் தமிழகத்தோடு இணைந்தமைக்கு, நேசமணி முதலியோர் வழிநடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டம் அடிப்படையாகும். எல்லை வரலாறு முழுவதையும் ஒருவரது தன்வரலாற்றின் வழியே எழுதினால், இத்தகைய தனித்த இயக்கங்கள் துணைநிகழ்வுகளாகச் சுருங்கிவிடும். தலைப்பிலுள்ள ‘எனது’ என்னும் சொல்லை ஆய்வாளர் இந்த எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.

எழுதப்பட்ட காலம்

ம.பொ.சி. 1967இல் சட்டமன்ற உறுப்பினரானார். 1969 ஜனவரி 14இல் ‘தமிழ்நாடு’ என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. நூல் அதன் பின்னரே வெளிவந்தது. கோரிக்கைகள் பல நிறைவேறிய நிலையில் திரும்பிப் பார்ப்பவரின் நினைவும், போராட்டக் களத்தில் நின்றவரின் மனநிலையும் ஒன்றல்ல.

முடிவுரை

தன்வரலாற்றை அனுபவப் பதிவு, இயக்கச் சான்று, பின்னோக்கிய மதிப்பீடு என மூன்றாகப் பகுத்து நோக்குதல் தகும். முதலாவதை நூலின் சொற்களிலேயே ஏற்கலாம். இரண்டாவதைச் சட்டம், நாளிதழ், பிற இயக்கப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். மூன்றாவதை எழுதப்பட்ட காலத்தோடு பொருத்திக் காண வேண்டும். இவ்வாறு அணுகும்போது ம.பொ.சி.யின் பங்களிப்பு குறைவதில்லை. அவரோடு போராடிய பிறரின் பங்கும் வரலாற்றில் இடம்பெறும்.