ஸ்டியரிங் முனகினால் முதலில் கேட்க வேண்டியது

பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போய், "ஸ்டியரிங் டைட்டாக இருக்கிறது, சத்தமும் போடுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். பவர் ஸ்டியரிங் பம்பு போய்விட்டது என்பார் ஒருவர், ஸ்டியரிங் திரும்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ரேக்கையே மாற்ற வேண்டும் என்பார் இன்னொருவர். இரண்டும் பெரிய செலவு. அவசரப்படாமல் டீயைக் குடியுங்கள். இறுக்கம் ஒரு புகார், சத்தம் வேறொரு புகார். இரண்டுக்கும் ஒரே காரணம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துக்கொண்டு, "எப்போது வருகிறது?" என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று 1989-இல் வந்த இரண்டு இருக்கை வண்டி. எடை ஒரு டன்னை ஒட்டித்தான். அதனால் பவர் ஸ்டியரிங் இல்லாமலும் விற்றார்கள். அப்படிப்பட்ட வண்டி பார்க்கிங்கில் கனமாகத் திரும்புவது கோளாறே அல்ல. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிய, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒடித்துச் சுற்றுகளை எண்ணுங்கள். பவர் இருந்தால் ஏறக்குறைய 2.8, இல்லையென்றால் 3.3. பானட்டைத் திறந்தும் பாருங்கள். பழைய உரிமையாளர் பம்பையும் பெல்ட்டையும் வேண்டுமென்றே கழற்றிப் போட்டிருக்கலாம். இந்த வண்டிக்காரர்களிடம் அது சகஜம்.

அடுத்தது டயர். இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 185/60 ஆர்14 டயர், 26 பிஎஸ்ஐ காற்று. காற்று குறைந்திருந்தாலும், அழகுக்காக அகலமான டயர் மாட்டியிருந்தாலும் ஸ்டியரிங் கனக்கும்.

இனி ஜாக்கி. முன்பக்கத்தைத் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, சாவியால் ஸ்டியரிங் பூட்டை மட்டும் விடுவித்து, மெதுவாக ஒடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஆயிலைத் தள்ள வேண்டியிருப்பதால் லேசான கனம் இருக்கும், அது இயல்பு. மற்றபடி சீராகத் திரும்பினால், கோளாறு பெரும்பாலும் பவர் கொடுக்கும் பக்கத்தில். சக்கரம் தரையில் படாதபோதும் பிடித்தால், எங்கோ இரும்பு இறுகியிருக்கிறது.

அந்தப் பிடிப்பு எப்படி வருகிறது என்று கவனியுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் மட்டும் இறுகி, நடுவில் விட்டுக்கொடுத்தால், ஸ்டியரிங் தண்டிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட் மேல்தான் முதல் சந்தேகம். பிரிட்டன் மாதிரி, குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாட்டில் ஓடிய வண்டிகளில் அது துருவேறி இறுகும். பிடிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டை இரு பக்கமும் கழற்றிவிட்டு மறுபடி ஒடியுங்கள். இப்போது இலகுவாக இருந்தால் சக்கரத்துப் பக்கத்து பால் ஜாயின்ட் காய்ந்திருக்கிறது. அப்போதும் இறுகினால் ரேக்கோ, அதற்கு மேலே உள்ள தண்டோ.

இனி சத்தம். பம்பு இன்ஜினிலிருந்து பெல்ட்டால் சுற்றுகிறது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது தண்டின் அடியிலுள்ள வால்வு திறந்து, பம்பு தள்ளும் ஆயிலை ரேக்கின் ஒரு பக்கம் அனுப்புகிறது. அந்த அழுத்தம்தான் உங்கள் கைக்குத் துணை.

வண்டியைக் கிளப்பியதும், அல்லது முழுசாக ஒடிக்கும்போது கிரீச்சிட்டால் பெல்ட். இந்த வண்டியில் ஏசி கம்ப்ரசரும் பம்பும் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. ஏசியைப் போட்டதும் கிரீச்சிடல் கூடினால் சந்தேகம் உறுதிப்படும். பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லை வழவழத்துப் போயிருக்கும்.

கிரீச்சிடாமல், இளநீரின் அடிச்சொட்டை ஸ்ட்ராவால் உறிஞ்சுகிற மாதிரி உறுமலும் முனகலும் கலந்து வந்தால், பம்பு ஆயிலோடு காற்றையும் இழுக்கிறது. ஆயில் டப்பாவைத் திறந்தால் அளவு குறைந்திருக்கும், அல்லது நுரை தெரியும். கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லையே என்பீர்கள். டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அங்கே வெடிப்பு இருந்தால் ஆயில் வெளியே வருவதைவிடக் காற்றுதான் உள்ளே போகும். முப்பது வருடத்து ரப்பரில் இதை எதிர்பார்க்கலாம். ஹோஸையும் கிளிப்பையும் மாற்றி, கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றுங்கள். இந்த வண்டிக்கு அது ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் டெக்ஸ்ரான் வகை. பிரேக் ஆயிலை மட்டும் தவறியும் ஊற்றாதீர்கள். சீல்கள் ஊறிக் கெட்டுவிடும். பிறகு சக்கரம் தூக்கியபடியே, இன்ஜின் அணைந்த நிலையில் இரு ஓரத்துக்கும் பலமுறை ஒடியுங்கள். குமிழி நிற்கும்வரை ஆயிலைச் சரிக்கட்டிக்கொண்டே இருங்கள்.

ஓரம் வரை ஒடித்துப் பிடித்தால் வரும் 'உஸ்' சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். அழுத்தம் எல்லை மீறாமல் வால்வு விடுவிக்கும் சத்தம் அது. ஆனால் சில நொடிக்கு மேல் அப்படிப் பிடிக்கக்கூடாது. ஆயில் சூடேறி பம்பு தேயும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கனக்கிறதா? இரு பக்கமும் கனத்து, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இலகுவானால் பம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கனத்தால் ரேக்கின் வால்வு அல்லது சீல். ரேக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே ஆயில் தேங்கியிருப்பதும் சீல் போனதற்கு அடையாளம். பெரிய செலவுக்கு இப்போது காரணம் கையில் இருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் இந்த நிதானம் கூடாது. 'டக்' என்று தட்டும் சத்தமோ, கையில் ஆட்டமோ தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். இறுக்கம் கையைத்தான் வலிக்க வைக்கும். கழன்ற ஜாயின்ட் சக்கரத்தை உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படாமல் செய்துவிடும்.