உங்களுக்குத் தெரியுமா? பேப்பரும் போட்டார், ரோடும் போட்டார்

திருமங்கலத்தில் மதுரை பஸ் ஏறினால், திருநகரை அடுத்து திருப்பரங்குன்றம். அங்குள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியராக இருந்த ராஜகோபாலன் வாசுதேவன்தான் பிளாஸ்டிக் ரோடு முறையைக் கண்டவர். ஜல்லியை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய கேரிபேக்கைத் தூவினால், உருகி ஒவ்வொரு கல்லிலும் தோல்போல ஒட்டிக்கொள்ளும். பிறகுதான் தார். கல்லுக்குள் தண்ணீர் இறங்காததால் மழைக்காலத்தில் குழி விழுவது குறையும். பி.வி.சி. மட்டும் கூடாது, சூட்டில் நச்சுவாயு கிளம்பும்.

2002இல் கல்லூரி வளாகத்திலேயே ரோடு போட்டுப் பார்த்தார். 2006இல் காப்புரிமை. ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் அண்ட் பில்டிங் மெட்டீரியல்ஸ்’ என்ற சர்வதேச ஆய்விதழில் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை வந்தது 2012இல். அதற்குள் வளாகத்து ரோட்டுக்குப் பத்து வயது! 2013இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் இம்முறைக்கு வழிகாட்டி வெளியிட்டது. 2018இல் பத்மஸ்ரீ. ஆனால், தார் ஊற்றும் கான்ட்ராக்டர் அடிக்குறிப்பா போடுகிறார்? ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோளை எண்ணும் கூகுள் ஸ்காலரில் கிலோமீட்டருக்குக் கணக்கு கிடையாது.

யார் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார் என்று பேரேடு போட்டு, 1964இல் ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ தொடங்கிய யூஜின் கார்ஃபீல்டும் வேதியியல் பட்டதாரிதான்.

ஆய்வாளரை மேற்கோளால் அளக்கும் ‘எச்-இண்டெக்ஸ்’ 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் கொடுத்தது. குறைந்தது 12 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஒருவருக்கு 12 இருந்து, 13 மேற்கோள் பெற்றவை 13 தேறாவிட்டால், அவருடைய எண் 12. ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது பத்தாயிரம் மேற்கோள் பெற்றாலும் எண் 1தான். பதவி உயர்வுக்கு இதை மட்டும் பார்ப்பவர்களை என்ன சொல்ல!

உலகிலேயே அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை எது? 2014இல் ‘நேச்சர்’ இதழ் எடுத்த கணக்கில் முதலிடம், புரதத்தின் அளவைக் கண்டறிய ஆலிவர் லௌரி குழு 1951இல் எழுதிய செய்முறைக்கு. 3 லட்சத்துக்கும் மேல்! டி.என்.ஏ. இரட்டைச் சுருளைச் சொன்ன கட்டுரை முதல் நூறுக்குள்கூட வரவில்லை. சோதனைக்கூடத்தில் தினமும் கைக்கு வேண்டியது செய்முறைதானே.

ரொம்பப் பிரபலமானாலும் மேற்கோள் குறையும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் 1963இல் எழுதியது ஐந்தே பக்கம். புரத மூலக்கூறு வடிவம் சரிதானா என்று பார்க்க இன்றும் அதில் வந்த ‘ராமச்சந்திரன் வரைபடம்’தான். பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் புரிவதால், அந்த ஐந்து பக்கத்தை அடிக்குறிப்பில் காட்டாமலே பலர் எழுதிவிடுகிறார்கள்.