மாங்காய்ப் பையோடு பொன்னானிக்கு

ராத்திரி 2 மணிக்கு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் வண்டி கிளம்பியாச்சு! பின் சீட்டில் ஓர் ஐஸ் பெட்டி, ஒரு காலிச் சட்டி, முதலமடைத் தோப்பில் பறித்த ஒரு பை பச்சை மாங்காய். மாங்காய் எதற்கென்று இப்போதே சொல்லமாட்டேன்.

மீனுக்காக மேற்கே ஓட வேண்டிய காலம் இது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கேரளத்து இழுவைப் படகுகளோ ஜூன் 9 நள்ளிரவில்தான் 52 நாள் ஓய்வுக்குப் போகும். நடுவில் கிடைக்கிற இந்த எட்டு வாரம் எல்லைக்காரர்களான எங்களுக்குத் திருவிழா. கோவைப் பக்கம் போகும் மீன் வண்டிகள் எதிரே வர வர, எனக்கு உள்ளங்கை அரிக்கிறது. அவை கிளம்பிய இடத்துக்கே அல்லவா போகிறோம்!

பாலக்காட்டிலிருந்து பொன்னானிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பறளியிலிருந்து நிளா துணைக்கு வந்துவிடுகிறாள். பாரதப்புழைக்கு இங்கே அதுதான் செல்லப்பெயர். ஆனைமலையில் பிறந்து 209 கிலோமீட்டர் நடந்து பொன்னானியில் கடலைத் தொடுகிறவள், கோடையில் பாதிக்கு மேல் மணல். ஒற்றப்பாலம், பட்டாம்பி, குற்றிப்புறம். அதற்குப் பிறகு காற்றிலேயே உப்பு!

துறைமுகத்தில் இன்னும் விடியவில்லை. படகு அணைந்ததும் கூடைகள் கைமாறிக் கரையேறுகின்றன. ஏலக்காரர் மூச்சுவிடாமல் விலையை ஏற்றுகிறார். வாங்குகிறவர் வாயே திறப்பதில்லை, ஒரு விரல் அசைவு போதும். நான் பார்த்த ஏலத்தில் தராசே கிடையாது, கூடைக்கு இவ்வளவு என்று கண்தான் எடை போட்டது. தூத்துக்குடியும் திருவனந்தபுரமும் சாளை என்கிற மீன் இங்கே மத்தி. இளஞ்சிவப்பாக மினுங்கும் கிளிமீனுக்கு மலபாரில் ‘புதியாப்பிள கோர’ என்று பெயர். புதுமாப்பிள்ளை மீன்! கேட்டதிலிருந்து அதைத்தான் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“பாரு கண்ணு, செவுளு ரத்தச் செவப்பா இருக்கோணும். வெரல்ல அமுக்குனா பள்ளம் விழப்படாது” என்று கூட வந்த மாமா அயிலையைப் புரட்டிக் காட்டினார். அமுக்கினேன். பந்துபோல எழும்பியது.

இப்போது மாங்காய். துறைமுகத்துக்குப் பக்கத்தில் சின்னச் சாப்பாட்டுக் கடை. அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கலாமா என்று கடைக்கார இத்தாவிடம், அதாவது அக்காவிடம், கேட்டதற்கு, “வா மோளே” என்று நகர்ந்து இடம்விட்டார். மண்சட்டியில் மஞ்சள், மிளகாய்த்தூள், நாங்கள் கொண்டுபோன மாங்காயின் துண்டுகள், புளி தொடவேயில்லை. கொதி வந்ததும் அயிலை, பிறகு நைசாக அரைத்த தேங்காய். கரண்டி போட்டால் மீன் உடையும் என்று சட்டியையே இரு கையாலும் பிடித்து ஒரு சுழற்று! கடைசியில் தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் பொரிந்து விழுந்தபோது எழுந்த அந்த வாசனை! மலையடிவாரத்து மாங்காயும் அரபிக்கடல் அயிலையும் ஒரே சட்டியில்.

மீதி மாங்காயை இத்தா முந்தானையில் முடிந்துகொண்டார். பதிலுக்கு எங்கள் ஐஸ் பெட்டியில் இரண்டு கை நெத்திலி விழுந்தது.