ஒற்றையாள் வள்ளம் வலிக்கப் பழகினேன்

உங்களில் பலர் கிளாலிக் கடலைக் கடந்திருப்பீர்கள். நானும் கடந்தவள்தான். 1993இல் எனக்குப் பதின்மூன்று வயது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலம். விளக்கில்லாத இருட்டில் வள்ளங்களைக் கயிற்றால் ஒன்றோடொன்று தொடுத்து, முன்னால் ஒரு இயந்திரப் படகு இழுத்துப் போனது. சூட்டுச் சத்தம் கேட்டதும் அம்மா என் தலையைப் பிடித்து வள்ளத்தின் அடிக்குள் அமுக்கினார். அங்கே தேங்கி நின்ற உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது. அந்த ஆண்டு அந்தக் கடலில் பலர் கொல்லப்பட்டார்கள். நாங்கள் கரை சேர்ந்தோம். அதன்பிறகு கிணற்றடியைத் தவிர வேறு தண்ணீருக்குக் கிட்ட நான் போனதில்லை.

இப்போது சுவிற்சர்லாந்தில் லுசேர்ன் நகரில் இருக்கிறேன். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஆற்றுப் பாலத்தில் நான் எப்போதும் நடுவால் நடப்பதைக் கண்டு, கூட வேலை செய்யும் சுவிஸ் பெண் காரணம் கேட்டாள். சொன்னேன். மறுவாரமே தன் படகுக் கழகத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

நகரின் ஓரத்தில் றோட்சே என்றொரு ஒடுங்கிய ஏரி இருக்கிறது. நீளம் இரண்டரைக் கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். இருபக்கமும் மேடு என்பதால் காற்று அதிகம் படாது. 1930களில் இருந்தே அங்கு சர்வதேசத் துடுப்புப் படகுப் போட்டிகள் நடக்கின்றன. நீந்தத் தெரியாமல் வள்ளம் தரமாட்டோம் என்றார்கள். அதற்கே ஒரு குளிர்காலம் போனது. பிறகு ஒரு கோடை முழுவதும் அகலமான பழகு வள்ளம். அதில் பயம் வந்தால் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கலாம். நான் அடிக்கடி சும்மா இருந்தேன்.

அடுத்த ஆண்டு பயிற்றுநர் (அறுபது கடந்த ஒரு அம்மா) "இனி வேகமானதை எடு" என்றார். ஸ்கிஃப் என்பார்கள். எட்டு மீற்றருக்குக் கிட்ட நீளம். போட்டிக்கான வள்ளத்தின் நிறை பதினான்கு கிலோதான். ஒரு ஆள் தோளில் தூக்கி வரலாம். தண்ணீரில் படியும் இடத்தில் ஓர் அடி அகலம்கூட இல்லை. என் இடுப்பு அதைவிடப் பெரிது. ஆசனம் சிறு சில்லுகளில் முன்னும் பின்னும் ஓடும். கால்கள் சப்பாத்தோடு பலகையில் பொருந்தியிருக்கும். கவிழ்ந்தால் கால் கழன்று வரும்படி குதியில் நூல் கட்டியிருக்கிறார்கள். ஒடுக்கம் என்றபடியால் தண்ணீர் அதைக் குறைவாகவே தடுக்கிறது. வேகத்தின் இரகசியம் அவ்வளவுதான். ஆனால் அதே ஒடுக்கம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

ஐந்தாவது வலிப்பில் கவிழ்ந்தேன்.

வாய்க்குள் தண்ணீர் போனது. எந்த நாட்டுத் தண்ணீர் என்று அந்த நேரம் எனக்குத் தெரியவில்லை. "வள்ளத்தை விடாதே" என்ற குரல் கேட்டது. அம்மாவின் குரல் என்றே நினைத்தேன். பயிற்றுநர் ஜேர்மன் மொழியில் கத்தியது பிறகுதான் விளங்கியது. களப்பில் தோணியில் போகும் சகோதரிகளுக்கும் இதைச் சொல்லவேண்டும். கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்த வெளிக்கிடாதீர்கள். கவிழ்ந்த வள்ளமும் மிதக்கும், அதைப் பிடித்தபடி இருங்கள்.

திரும்ப ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. துடுப்பின் அலகுகள் இரண்டும் இருபக்கமும் தண்ணீரில் தட்டையாகக் கிடக்க, கைபிடிகள் இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிக்கவேண்டும். மறுகையை வள்ளத்தில் ஊன்றி, காலை உதைத்து எழும்பவேண்டும். நான்காவது முயற்சியில் ஏறினேன். அழுதேனா என்று கேட்காதீர்கள், முகம் ஏற்கனவே ஈரம்.

பிறகுதான் கோளாறு எங்கே என்று பிடிபட்டது. பயந்தால் கை இறுகும். இறுகிய கை கீழே அமுங்கும். எந்தக் கைபிடி தாழ்கிறதோ அந்தப் பக்கம் வள்ளம் சரியும். சரிந்தால் இன்னும் பயம். கைபிடிகள் இரண்டும் ஒரே உயரத்தில் நின்றால், அலகுகள் நீரில் தட்டையாகக் கிடந்தால், அந்த ஒடுங்கிய சாமான் மேசைபோல நிற்கும். புட்டுக்கு மாக் குழைக்கும்போது விரலை இறுக்கினால் மா கட்டிபட்டுப் போகுமல்லவா, அந்தத் தளர்வுதான் வேண்டும். இதைப் பயிற்றுநருக்கு விளக்க முடியவில்லை. ஒருநாள் புட்டு அவித்துக் கொண்டுபோனேன்.

வலிப்பவர் பின்பக்கம் பார்த்தே இருப்பார். போகும் வழி தெரியாது. நான்கைந்து வலிப்புக்கு ஒருதரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்க்கும்போதும் கை தாழக்கூடாது. எனக்கு இதற்கே இரண்டு மாதம் எடுத்தது.

ஒலிம்பிக்கில் ஆண்கள் 1900 முதல் படகு வலிக்கிறார்கள். பெண்களுக்கு 1976இல், மொன்றியலில்தான் இடம் கிடைத்தது. அதுவும் பாதித் தூரம், ஆயிரம் மீற்றர். 1980களின் நடுப்பகுதியில்தான் ஆண்களைப்போல இரண்டாயிரமாக்கினார்கள். முகாம்களில் நாங்கள் தண்ணீர் சுமந்த தூரத்தை யாரும் பாதியாக்கித் தரவில்லை. 2017இல் ஜெனின் க்மெலின் என்ற சுவிஸ் பெண் இந்த ஒற்றை வள்ளத்தில் உலகச் சம்பியனானார். நான் போட்டிக்குப் போகிறவள் அல்ல. ஏரியின் ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்புக்கு நிற்காமல் வலிக்கிறேன், அது போதும்.

தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது "உனக்கென்ன விசரே பிள்ளை?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

போன வருடம் ஊருக்குப் போனபோது, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தில் வானை நிறுத்தச் சொன்னேன். அம்மா இறங்கவில்லை. நான் கரையோரம் போய் நின்றேன். நல்ல காற்று. குறுக்கும் மறுக்குமாகச் சிற்றலை. இந்தக் காற்றுக்கு ஒடுங்கியது சரிவராது, அகல வள்ளம்தான் வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டது.

"என்னத்தைப் பார்க்கிறாய்?" என்று அம்மா வானுக்குள்ளிருந்து கேட்டார். சொன்னேன்.

"வா, வந்து ஏறு" என்றார்.